இரண்டாவது கோரிக்கை

மத்திய அரசு வேலையில் கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த தமிழ்க் குடும்பங்களில், ஊருக்குத் திரும்ப விண்ணப்பம் எழுத ஆள் தேடினால் என்னைத்தான் கைகாட்டுவார்கள். விண்ணப்பத்தை ஒரே ஒரு கோரிக்கையோடு ஒருபோதும் நிறுத்தக் கூடாது என்பது எங்கள் கூட்டத்தின் வேதம். சென்னைக்கு மாற்றல் கேட்க வேண்டும். அது இயலாவிட்டால் திருச்சி, அதுவும் இயலாவிட்டால் தமிழ்நாட்டில் ஏதாவது ஓர் ஊர். ஒன்றை மட்டும் கேட்டால் அதிகாரி ‘முடியாது’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார். இரண்டு கேட்டால் சிறியதைக் கொடுத்து நல்ல பெயர் வாங்கிக்கொள்ளப் பார்ப்பார். இப்படி எழுதி எழுதிப் பலரை ஊருக்கு அனுப்பியிருக்கிறேன். என்னை மட்டும் யாரும் அனுப்பவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் குடியேறியது நகரத்தின் தெற்கு ஓரத்தில். கரியாஹாட்டில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, அது நிற்கும் இடத்திலிருந்து சைக்கிள் ரிக்‌ஷாவில் போக வேண்டும். தனி நகராட்சி. நடுவில் ஒரு கால்வாய் ஓடியது. கால்வாய்க்குக் கிழக்கே ஒரு வார்டு, மேற்கே இன்னொன்று. கிழக்கில் கரையை ஒட்டி நீளமாக ஒரு குடிசைப் பகுதி. ரிக்‌ஷா இழுப்பவர்கள், மீன் விற்பவர்கள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். அதைத் தாண்டிச் சில தெருக்கள். அதில் ஒரு மாடிப் போர்ஷனில் நானும் என் கணவரும். மேற்கே அப்போது குளங்களும் காலி மனைகளும்தான்.

எங்கள் வீட்டில் சமைத்தவர் அந்தக் கரையைச் சேர்ந்த பெண்மணி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை மாஷி என்று கூப்பிடுவேன். சித்தி என்று பொருள். அவர் என்னை பௌதி, அதாவது அண்ணி, என்பார். எந்தக் கணக்கில் பார்த்தாலும் ஒட்டாத உறவுமுறை, ஆனால் அந்த ஊரில் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நாங்கள் பேசியது வங்காளியில். எனக்கு ஞாபகத்தில் தங்கியிருப்பது என்னவோ தமிழில்தான்.

நகராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்த புதிதில், எங்கள் வார்டு பெண்கள் வார்டாயிற்று. கட்சிக்காரர்கள் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடக்கூடிய ஒரு பெண்ணைத் தேடினார்கள். அதிர்ந்து பேசாதவர், வங்காளி எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று மாஷியைப் பிடித்தார்கள். அவர்கள் யாரும் அவரை என் சமையலறையில் பார்த்ததில்லை. ரசத்தில் வெல்லம் போடக் கூடாது என்று நான் சொன்னதை ஏற்க அவருக்கு ஒன்றரை வருஷம் ஆனது. அதுவும் என்மேல் இரக்கப்பட்டு.

ஜெயித்த பிறகும், வேறு ஆள் கிடைக்கும்வரை ஒரு மாதம் வந்து சமைத்துவிட்டுத்தான் வேலையை விட்டார். அடுத்த மாதம் காஸ் இணைப்புக்கு இருப்பிடச் சான்று வாங்க நான் அவர் முன்னால் வரிசையில் நின்றேன். மாநகரத்திலும் நகராட்சியிலும் பெண் கவுன்சிலரை ‘பௌரமாதா’, நகரத்தின் தாய், என்பார்கள். பலகை ஒன்றில் அப்படி எழுதிப் போட்டிருந்தார். முத்திரையை மையில் தோய்த்து, ஊதிக் காயவைத்து, “பௌதி, குக்கர் வெயிட்டு சரியா நிக்குதா இப்போ?” என்று கேட்டார்.

நான் இடதுசாரிச் சாய்வு உள்ளவள். அலுவலகச் சங்கத்தில் கொடி பிடித்தவள். ஆனாலும் இட ஒதுக்கீடு என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது புத்தகத்தில் இல்லை, அந்த வரிசையில்தான். கரைக் குடிசைகளுக்குப் பட்டா கிடையாது. ரேஷன் கார்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கவுன்சிலரின் சான்றுதான் ஒரே ஆதாரம். முன்பிருந்தவர் ‘நீங்களெல்லாம் ஆக்கிரமிப்பாளர்கள்’ என்று திருப்பி அனுப்புவார். மாஷி குழாயடியில் நின்றபடியே எழுதிக் கொடுத்தார். அந்தக் குழாயும் அவர் போட்டதுதான். அடுத்த தேர்தலில் சுழற்சிப்படி அது பொது வார்டு ஆனது. இனி ஆண்களைப் போடலாம் என்று கட்சியில் ஆள் தயாராக இருந்தது. கரைப் பெண்கள் கூட்டமாகப் போய்க் கட்சி அலுவலக வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். மாஷி மறுபடி நின்றார், மறுபடி ஜெயித்தார்.

இதற்குள் மேற்குக் கரையில் குளங்களை நிரப்பி ஃபிளாட்டுகள் எழும்பின. இரண்டாயிரத்துக்குப் பிறகு நாங்களும் கடன் வாங்கி அங்கே ஒன்றில் குடிபோனோம். பால்கனியிலிருந்து பார்த்தால் கால்வாயும் அதற்கு அப்பால் மாஷியின் வார்டும் தெரியும். எங்கள் கட்டடச் சங்கத்தின் ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது எழுந்து, கரையைக் காலி செய்து நடைபாதை போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பார்கள். நான் எதிர்த்துப் பேசுவேன். டீ வந்துவிடும்.

மூன்றாவது தேர்தலுக்கு முன்னால் வார்டு எல்லைகளை மாற்றி வரையும் வரைவு வெளிவந்தது. எல்லா வார்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு மக்கள் இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் அவர்கள் கையில் இருந்தது சில வருஷம் முந்தைய சென்சஸ் குடிக்கணக்கு. அதன்படி மேற்கு வார்டில் ஆள் குறைவு. ஃபிளாட்டுகள் நிரம்பியது அதற்கப்புறம்தான். காகிதத்தில் நாங்கள் இன்னும் காலி மனை. ஆகவே ஆள் நிரப்ப, கரைக் குடியிருப்பை நடுவில் வெட்டி, வடக்குப் பாதியை எங்கள் வார்டோடு சேர்த்திருந்தார்கள்.

இதில் யாருடைய சதியும் இருந்ததாக நான் சொல்ல மாட்டேன். சதி என்றால் போராடலாம். இது வெறும் ஸ்கேலும் பென்சிலும். ஏழைகள் சேர்ந்து இருந்தால் ஒரு கவுன்சிலர் கிடைப்பார், பிரிந்து பணக்கார வார்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டால் மனு கொடுக்கிறவர்களாகத்தான் இருப்பார்கள். இது கோடு போட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஆட்சேபம் தெரிவிக்கக் கொஞ்ச நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். மாஷி என் வீட்டுக்கு வந்தார். கவுன்சிலரான பிறகும் அவர் சோபாவில் உட்காரமாட்டார், சமையலறை முக்காலியில்தான்.

“பௌதி, ஒரு மனு எழுதணும். எங்கள அசைக்காதீங்க. அவ்வளவுதான் எழுதணும். இங்கிலீஷ்ல எழுதினா படிப்பாங்க.”

எழுதினேன். வங்காளியில் எழுத எனக்கு வராது. வந்திருந்தால் மாஷியே அதைப் படித்துப் பார்த்திருப்பார். மூன்று நாள் சிரத்தையாக உட்கார்ந்தேன். குடிக்கணக்குக்குப் பிறகு வந்த ஃபிளாட்டுகளின் பட்டியல், கால்வாய் இயற்கையான எல்லை என்ற வாதம், ஒரே குழாயையும் ஒரே பாதையையும் பயன்படுத்தும் மக்களைப் பிரிப்பது முறையல்ல என்ற வாதம். எல்லாம் எழுதி, முதல் கோரிக்கையாக ‘இப்போதுள்ள எல்லையே நீடிக்க வேண்டும்’ என்று போட்டேன். பேனா நிற்கவில்லை. அதற்குக் கீழே, ‘அது இயலாவிட்டால், குடியிருப்பைப் பிரிக்காமல் முழுவதையும் ஏதாவது ஒரே வார்டில் வைக்க வேண்டும்’ என்று இரண்டாவதும் எழுதினேன். சென்னை, இல்லாவிட்டால் திருச்சி. யோசித்து எழுதியதல்ல. கை பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் பெண்கள் கூடினார்கள். நான் மனுவை வங்காளியில் சொல்லிக்கொண்டே போனேன். ஃபிளாட்டுகள் பட்டியல் வந்தபோது சிரித்தார்கள், ஒவ்வொன்றிலும் யாராவது ஒருத்தி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதல் கோரிக்கையைச் சொன்னதும் கை தட்டினார்கள். கடைசி வரியை நான் சொல்லவில்லை. ‘தங்கள் உண்மையுள்ள’ என்பதைப் போல அதுவும் ஒரு சம்பிரதாயம், இதைப் போய் என்ன விளக்குவது என்று விட்டுவிட்டேன். வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டார்கள். போடத் தெரியாதவர்கள் பெருவிரல் வைத்தார்கள்.

விசாரணை அலிப்பூரில், அரசு அலுவலகம் ஒன்றின் மாடியில். நானும் மாஷியும் போனோம். அதிகாரி இளைஞர், மரியாதையானவர், மனுவை முழுவதும் படித்தவர். ஒழுங்காக எழுதப்பட்ட காகிதத்தைப் பார்த்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவர் ஆங்கிலத்தில் பேசினார். குடிக்கணக்குதான் சட்டப்படியான ஆதாரம், அதை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை, ஆகவே முதல் கோரிக்கை கடினம் என்றார். இரண்டாவது நியாயமாக இருக்கிறது, பரிசீலிக்கிறேன் என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முழுவதையும் ஒரே வார்டில் வைப்பதென்றால் ஆள் குறைகிற வார்டில்தான் வைப்பார்கள். அது எங்கள் வார்டு, ஃபிளாட்டுக்காரர்களின் ஓட்டுதான் அங்கே அதிகம். ‘அந்த இரண்டாவதை எடுத்துவிடுங்கள்’ என்று சொல்ல ஒரு நிமிஷம் இருந்தது. அத்தனை பேர் கையெழுத்திட்ட மனுவை நானாக எப்படித் திருத்துவது என்று சட்டவிதியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“என்ன சொல்றாரு?” என்றார் மாஷி.

“பார்க்கறேன்னு சொல்றார்” என்றேன்.

இறுதி அறிவிப்பு அந்தக் குளிர்காலத்தில் வந்தது. கரைக் குடியிருப்பு முழுவதும் மேற்கு வார்டில். மனுதாரர்களின் மாற்றுக் கோரிக்கை ஏற்கப்பட்டது என்று ஒரு வரி. நான் எதையும் எழுதாமல் இருந்திருந்தால் தெற்குப் பாதியாவது கிழக்கில் மிஞ்சியிருக்கும். மாஷியின் வீடு தெற்குப் பாதியில்தான் இருந்தது. உள்ளதும் போச்சு. என் கணவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “நீ நல்லதுக்குத்தானே எழுதினே” என்றார். அன்றைக்கு அவரோடு நான் பேசவில்லை.

சொல்ல வேண்டியது நான்தான். போனேன். குழாயடியில் மாஷி வாளியை வைத்துவிட்டுக் கேட்டார். நான் அறிவிப்பை வரி வரியாகச் சொன்னேன், இந்த முறை எதையும் விடாமல்.

“மாற்றுக் கோரிக்கைன்னா? அது யாரு கேட்டது?”

“மனுவுல இருந்தது, மாஷி. நான்தான் எழுதினேன். எப்பவும் அப்படி எழுதறது வழக்கம்.”

“எங்களுக்குப் படிச்சப்ப அது இருந்துச்சா?”

“இல்ல.”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வாளி நிரம்பி வழிந்தது. குழாயை மூடிவிட்டு, “உங்களுக்கு ஒண்ணு இல்லன்னா இன்னொண்ணு இருக்கும், பௌதி. எங்களுக்கு அது ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வார்டில் அவர் நின்றார். நான் ஃபிளாட் ஃபிளாட்டாக ஏறி இறங்கினேன். எல்லாரும் என்னை உட்காரச் சொல்லி சந்தேஷ் இனிப்பு கொடுத்தார்கள். நல்ல பெண்மணி என்றார்கள். ஓட்டை மட்டும் எங்கள் கட்டடத்துக்கு அடுத்த கட்டடத்துக்காரர் ஒருவருக்குப் போட்டார்கள். தோல்வி மோசமான தோல்வி. கரை மக்கள் அத்தனை பேரும் போட்டும் போதவில்லை. சான்று கேட்டுப் போனவர்களைப் புதிய கவுன்சிலர் மறுபடியும் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார். நடைபாதைத் தீர்மானம் முதல் வருஷமே நிறைவேறியது.

கரையைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிய மறுநாள் காலையில் மாஷி வந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. கூடவே ஒரு பெண், கரையிலேயே குடியிருப்பவள், ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், ஆங்கிலம் படிப்பாள் என்று அறிமுகம் செய்தார். நோட்டீஸுக்குப் பதில் எழுத வேண்டும் என்றார். மாற்று இடம் கொடுக்காமல் எங்களை அகற்றக் கூடாது, அவ்வளவுதான்.

எழுதினேன். ஒரே கோரிக்கை. முடித்ததும் மாஷி காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் அதை முக்காலியில் விரித்து வைத்துக்கொண்டாள். என்னிடம் இருந்தது கார்பன் நகல். அதைப் பார்த்து நான் வங்காளியில் சொல்லச் சொல்ல, அவள் ஆங்கில வரிகளின் மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தாள். கடைசி வரியையும் சொல்லி நிறுத்தினேன். அவளுடைய விரலும் நின்றது.

“எல்லாத்தையும் சொன்னாங்களா?” என்று மாஷி அவளிடம் கேட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு, “சொன்னாங்க” என்றாள். அதற்குப் பிறகுதான் மாஷி கையெழுத்துப் போட்டார்.