மாமாவின் பெயரில் ஒரு கார்டு

என் மாமா தொலைக்காட்சிக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் என் கையெழுத்தில்தான் போயின. அவர் எழுதியது மறுநாள் அவருக்கே புரியாது. எனக்கு அப்போது பதினொரு வயது. பூண்டியிலிருந்து தினமும் பள்ளிக்கு வந்துபோவது தோதுப்படாது என்று அப்பாவும் அம்மாவும் என்னைப் பெருமாள்மலையில் மாமா வீட்டில் விட்டிருந்தார்கள். வீட்டில் மாமா, சித்தி, நான் என்று மூன்று பேர். மாமா அம்மாவுக்கு அண்ணன். சித்தி அம்மாவுக்குத் தங்கை. தங்கைகளுக்குச் செய்து முடிப்பதற்குள் மாமாவுக்குக் கல்யாண வயது கடந்துவிட்டது என்று சொல்வார்கள். சித்தி கல்யாணமான இரண்டாவது வருஷமே கணவரை இழந்து திரும்பி வந்தார். அதன் பிறகு ஏழு வருஷமாக அந்த வீட்டுச் சமையலும், வீட்டின் முன்பக்கத்தில் இருந்த கடையில் பாதி வேலையும் அவர் கையில்தான் இருந்தன.

கடையில் காபித்தூள், மலைவாழை, சீசனில் பேரிக்காய். கொடைக்கானலுக்கு ஏறும் வண்டிகளில் பாதி அங்கே நின்றுதான் போகும். கடைக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த அறையில் டிவி. கல்லாவில் உட்கார்ந்தபடி கழுத்தைத் திருப்பினால் தெரிகிற கோணத்தில் மாமா அதை வைத்திருந்தார்.

மாமா தன்னை முற்போக்குவாதி என்று சொல்லிக்கொண்டார். சினிமாவிலும் நாடகங்களிலும் முற்போக்கு எங்கே இருக்கிறது, எங்கே இருப்பதுபோல் நடிக்கிறது என்று கண்டுபிடிப்பது அவருக்கு இன்னொரு தொழில் மாதிரி. ஏழைகளுக்காகப் படம் முழுக்கப் பேசிய கதாநாயகன் கடைசியில் ஜமீன் வாரிசு என்று தெரியவந்தால், அன்று பேரிக்காய் எடை போடுவது தாமதப்படும். இடைவேளை வரை நீதிமன்றத்தில் வாதாடிய கதாநாயகி, அதற்குப் பிறகு காபித் தட்டோடு மட்டும் வந்தால் அதற்கு ஒரு தபால் கார்டு போகும். சாதிச் சண்டையைப் பற்றிப் படம் எடுத்தவர்கள் எந்தச் சாதியின் பெயரையும் சொல்லாமலே மூன்று மணி நேரத்தை ஓட்டிவிட்டார்கள் என்று ஒரு கார்டு போயிற்று. இப்போது யோசித்தால் அவற்றில் பெரும்பாலானவை சரியான கருத்துகள்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நேயர் கடிதங்களை வாசிக்கும் நிகழ்ச்சி வரும். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து மாற்றி மாற்றி வாசிப்பார்கள். மாமா அன்று குளித்து, சட்டை மாற்றி, கடையைச் சித்தியிடம் விட்டுவிட்டு டிவி முன் உட்காருவார். அவருடைய கார்டு ஒருநாளும் வாசிக்கப்பட்டதில்லை.

“சென்னைக்காரன் கார்டு மேல இருக்கும். மலையிலருந்து போறது அடியில கெடக்கும்” என்பார். அடுத்த வாரத்துக்கான கார்டை எனக்குச் சொல்லத் தொடங்குவார்.

அந்த வருஷம் ஒரு நாடகம் ஊரையே இழுத்து வைத்திருந்தது. கணவனை இழந்த ஒரு பெண், தையல் கம்பெனியில் வேலை செய்து மகனை வளர்க்கிறாள். உடன் வேலை செய்யும் ஒருவர், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவளைக் கேட்கிறார். அவள் முகத்தை ஒரு வாரம் காட்டிவிட்டு, அவள் என்ன பதில் சொல்லலாம் என்று நேயர்கள் எழுதலாம் என்று அறிவித்தார்கள்.

எங்கள் வீட்டிலும் அதற்கு முந்தைய வருஷம் ஒரு கேள்வி வந்திருந்தது. அட்டுவம்பட்டியில் நாற்றுப்பண்ணை வைத்திருந்தவர் ஒருவர் எங்கள் கடைக்குக் காபித்தூள் வாங்க வருவார். அவருக்குக் கொடைக்கானல் கடைகள்தான் பக்கம். ஆனாலும் இங்கே வருவார். அவர் தன் அக்காவை அனுப்பிச் சித்தியைப் பெண் கேட்டார். “எந் தங்கச்சி யாரையும் நம்பி இல்ல” என்று மாமா அந்த அம்மாவுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார். சித்தியை யாரும் கேட்கவில்லை. இதை நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். நாடகத்தோடு அதைச் சேர்த்துப் பார்க்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தபடி சொன்னார். நான் எழுதினேன். ‘ஒரு பெண் தன்னந்தனியாக நின்று ஜெயிப்பதுதான் உண்மையான முற்போக்கு. அவளுக்கு எதற்கு ஆண் துணை? மறுமணம் என்ற பெயரில் அவளை மறுபடியும் ஓர் ஆணின் சமையலறைக்குள் தள்ளிவிடாதீர்கள்.’

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேன் மாமா.”

சமையலறையிலிருந்து சித்தி, “தோசை ஊத்தட்டுமா, இல்ல எழுத இன்னும் கெடக்கா?” என்று கேட்டார்.

“ரெண்டு ஊத்து” என்றார் மாமா.

சித்தி வெள்ளனே எழுந்து வெந்நீர் அடுப்பு மூட்டுவார். மறுநாள் நான் பல் தேய்த்துவிட்டு வந்தபோது அந்தக் கார்டைக் கேட்டு வாங்கினார். அடுப்பு வெளிச்சத்தில் ஒரு தடவை முழுதாக வாசித்தார். பிறகு விறகுக்கு நடுவே செருகிவிட்டார்.

“மாமா மாத்திச் சொல்லிட்டாரு. வேற கார்டு எடு.”

“எப்பச் சொன்னாரு?”

“நீ தூங்குனப்புறம். வெரசா எழுது, பஸ்ஸு வந்துரும்.”

அவர் மாமாவைப் போல நடக்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ‘தனியாக நிற்க முடியும் என்று அந்தப் பெண் ஏழு வருஷமாக நின்று காட்டிவிட்டாள். இனியும் நின்றுகொண்டே இருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. அவளுடைய தைரியத்தைப் புகழ்கிறவர்கள், அவள் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டேதான் புகழ்கிறார்கள். அவளிடம் யாராவது ஒரு தடவை கேளுங்கள்.’

நாடகத்தை ஒருநாளும் விடாமல் பார்த்தவள் என்பதால் எனக்கு ஒரு தவறு தெரிந்தது. “சித்தி, அவ புருஷன் செத்து மூணு வருஷந்தான ஆச்சு?”

சித்தி கொஞ்சம் யோசித்தார். “ஏழுன்னே எழுது” என்றார்.

கீழே மாமாவின் பெயரையும் முகவரியையும் எழுதி, பஸ் நிறுத்தத்துத் தபால் பெட்டியில் போட்டேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, மேசைக்குப் பின்னால் இருந்த பெண் மாமாவின் பெயரைச் சொன்னார். பெருமாள்மலை என்றும் சொன்னார். மாமா எழுந்து நின்றுவிட்டார். சித்தி கடையிலிருந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் நிதானமாக வாசித்தார். ‘ஏழு வருஷமாக’ என்ற இடத்தில் மாமா உட்கார்ந்தார். வாசித்து முடித்ததும் டிவியில் அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல மனசுள்ள நேயர், இப்படி ஓர் ஆண் எழுதியிருப்பது மகிழ்ச்சி என்று அந்தப் பெண் சொன்னார். சித்தி அதற்குள் கடைக்குத் திரும்பியிருந்தார்.

மாமா வாய் திறப்பதற்குள் எதிர்க்கடை டெய்லர் ஓடிவந்துவிட்டார். “ஏலே, டிவிக்காரி ஒம் பேர எம்புட்டு அழகாச் சொல்றா. நாங்க கூப்பிடறப்ப அப்பிடி இல்லையேப்பா.” பின்னாலேயே ஜீப் டிரைவர்கள் இரண்டு பேர். மதியம் வரை ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். மாமா எல்லாருக்கும் தலையாட்டினார். ஒருவருக்கே இரண்டு தடவை காபித்தூள் கட்டிக் கொடுத்தார்.

பஸ் நிறுத்தத்தில் பூ விற்கும் அக்கா கடைசியாக வந்தார். “அண்ணே, நாடகத்துப் பொண்ணுக்கு நல்லாச் சொன்னீங்க. நாடகம் முடிஞ்சா அவ அவ வீட்டுக்குப் போயிருவா. இங்க உள்ள ஒருத்தி இருக்கால்ல, அவளுக்கு என்ன சொல்றீங்க?”

கடையில் நின்ற எல்லாரும் வாழைத்தாரைப் பார்த்தார்கள். அது தன் கார்டு இல்லை என்று மாமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்படியானால் வேறு யார் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். அந்த வீட்டில் இருந்ததே மூன்று பேர்.

மூன்று மணிவாக்கில் அவர் கடையைப் பாதி சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“அந்தக் கார்டு நீ எழுதுனதுதான?”

“ஆமா மாமா.”

“நான் சொன்னதா அது?”

சமையலறையில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

“நீங்க மாத்திச் சொன்னீங்கன்னு சித்தி சொன்னாங்க. நான் தூங்குனப்புறம்” என்றேன். கையெழுத்தில் ஏதோ பிழை கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

மாமா சமையலறை வாசலைப் பார்த்தார். அங்கே யாரும் வரவில்லை. டிவி அணைந்திருந்தது, அதையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஆமா” என்றார். “மறந்தே போச்சு. மாத்தித்தான் சொன்னேன்.”

பிறகு உள்பக்கமாகக் குரலைத் திருப்பினார். “அட்டுவம்பட்டிக்காரர்ட்டப் போயிப் பேசட்டுமா? ஒனக்குச் சம்மதமா?”

“பேசுங்கண்ணே” என்றார் சித்தி. தேங்காய் துருவும் சத்தம் மறுபடி தொடங்கியது.

தை மாதம் கொடைக்கானலில் பதிவுத் திருமணம் நடந்தது. அதற்குப் பிறகு தோசையை மாமாவே ஊற்றினார். அது வட்டமாக வருவதற்கு மூன்று மாதம் ஆயிற்று. நாடகத்தில் அவளோடு வேலை செய்தவரை லாரி மோதவைத்துச் சாகடித்துவிட்டார்கள். எழுதியவர் கோழை என்று மாமா சொல்லச் சொல்ல ஒரு கார்டு எழுதினேன். அது வாசிக்கப்படவில்லை.

அந்த வருஷம் பூண்டிக்குப் போனபோது, மாமாவுக்கு ஞாபக மறதி வந்துவிட்டது என்று அம்மாவிடம் கவலையோடு சொன்னேன். நடந்ததையும் ஆதாரமாகச் சொன்னேன். அம்மா பூண்டுத் தாளை அறுப்பதை நிறுத்திவிட்டு, நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். “இதப் பத்தி மாமாகிட்ட இனிமே பேசாத” என்றார். வயதானவர்களின் மறதியைச் சுட்டிக்காட்டுவது மரியாதை அல்ல என்று நான் புரிந்துகொண்டேன். ஆனாலும் எச்சரிக்கையாக இருந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு கார்டையும் அவருக்கு முழுதாக வாசித்துக் காட்டி, “இதுதான மாமா சொன்னீங்க, மாத்தலையே?” என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியில் போட்டேன். அவரும் ஒவ்வொரு தடவையும் பொறுமையாக, “இல்லத்தா, மாத்தல” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.