குழந்தைகள் வெளியே போய் விளையாட வேண்டுமாம்

இன்று சாயங்காலம் கீழ் வீட்டிலிருந்து ஓனர் மேலேறி வந்தார்.

என் மகள் நிலாவுக்கு ஒன்பது வயது. எடை கூடிவிட்டது, ஓடியாட வையுங்கள் என்று டாக்டர் சொன்னதால், ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு டிவி முன்னால் குதித்தால் திரையில் பொம்மை ஓடுகிற கேம் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். வேர்க்க வேர்க்க, சிரித்துக்கொண்டே ஆடுவாள்.

"இன்னாம்மா இது, தெனம் எங்க தலை மேலயே குதிச்சிக்கினு கீது உங்க பொண்ணு? ஒரே பேஜாரா கீது. புள்ளைங்கன்னா வெளிய போய் வெளையாடணும்மா" என்றார்.

"வெளிய எங்கண்ணா? தெரு ஃபுல்லா கம்பெனி லாரி. பசங்க வெளையாடிக்கினு இருந்த பக்கத்து மனையையும் நீங்க லாரி நிறுத்த வாடகைக்கு வுட்டுட்டீங்க."

"அது என் எடம். நான் இன்னா வேணா பண்ணுவேன்" என்றவர், படியில் கால் வைத்தபடி திரும்பி, "இந்த ஊடும் என்னுதுதான்" என்றார்.



அவர் போனதும் நிலா நாற்காலியில் உட்கார்ந்து, மணிக்கட்டை மட்டும் ஆட்டிப் பார்த்தாள். பொம்மை அதே வேகத்தில் ஓடியது.

"இப்டி ஆடுனா சத்தமே வராதும்மா. நீ கவலப்படாத" என்று எனக்குச் சமாதானம் சொன்னாள்.

கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி பக்கம் தரைத்தள வீடு எதுவும் காலியாக இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். தண்ணீர் உப்பாக இருந்தாலும் சரி, கரண்ட் அடிக்கடி போனாலும் சரி. குழந்தை குதிக்கலாம் என்று ஓனர் சொன்னால் போதும்.