நாலு குழாய்க்கு நாலு ஓட்டை

“அத்தான், படகு என் பக்கம் சாயுதுல்லா?”

போன ஞாயிறு, பென்னலூர்ப் பக்கத்து ஏரியின் நடுவில், என் மனைவியின் தம்பி ஜெபராஜ் கேட்ட கேள்வி இது. திருநெல்வேலிப் பையன். அடுத்த மாதம் கல்யாணம். நீச்சல் தெரியாது.

“நீ கொஞ்சம் கனம்ப்பா... அதான்” என்று கிண்டல் செய்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

நானும் நண்பர் குமாரும் கூட்டாக ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கி வைத்திருக்கிறோம். அதில் தூண்டில் செருகி வைக்க இரண்டே ஹோல்டர். இந்த வாரம் மூன்று பேர் — ஆளுக்கு இரண்டு தூண்டில் வேண்டாமா? குமார் சனிக்கிழமையே டிரில் மெஷினோடு உட்கார்ந்துவிட்டார். படகின் இரண்டு பக்கச் சுவர்களின் மேல் விளிம்பிலும் துளை போட்டு, பக்கத்துக்கு இரண்டாக நாலு பிவிசி குழாய்களை இறக்கி, சுற்றிலும் எம்-சீல் பூசினார். படு நேர்த்தி! நான் குழாய்க்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இன்னொரு தப்பும் செய்தேன். மிதவைக்காக எப்போதும் படகில் கிடக்கும் லாரி டியூபை, இடம் போதவில்லை என்று கரையிலேயே விட்டுவிட்டேன். “தம்பியைப் பத்திரமா கூட்டிட்டு வாங்க” என்று மனைவி இரண்டு முறை சொல்லியிருந்தாள்.

காற்று ஏறியது. அலை வலப்பக்க விளிம்பின் மேல் தெறித்தது. பத்து நிமிடத்தில் அந்தப் பக்கம் தண்ணீருக்கு மேல் நாலு விரல்தான் மிச்சம். ஆனால் படகுக்குள் தண்ணீரே இல்லை! அப்படியானால் எங்கே போகிறது?

பக்கச் சுவருக்குள் ‘சளக்... சளக்’ என்று சத்தம்.

“குமார், குழாய்க்கு அடியில மூடி போட்டீங்கல்ல?”

“மூடி கீது சார். அதுல டிரெயின் ஹோல் போட்டுக்கீறேன். தண்ணி நிக்கக் கூடாது பாரு.”

குமார் ஒரு தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் சூப்பர்வைசர். அங்கே எந்தக் குழாயையும் அடியில் ஓட்டை இல்லாமல் பெயின்ட் தொட்டியில் முக்க மாட்டார்கள். திரவம் உள்ளே தேங்கிவிடும். பல வருடப் பழக்கம், கை தானாகப் போட்டுவிட்டது. ஆனால் எங்கள் படகின் பக்கச் சுவர் காற்றடைத்த பெட்டி. அந்தக் காற்றுதான் எங்களை மிதக்க வைத்தது. இப்போது அலைக்கு அலை அங்கே தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

“அய்யய்யோ... இன்னா வேலை பண்ணிட்டேன் சார்!”

ஜெபராஜ் என் மணிக்கட்டைப் பிடித்தான். பயந்துவிட்டேன். அவன் அக்காவிடம் என்ன சொல்வேன், கல்யாணப் பெண் வீட்டில் என்ன சொல்வேன்...

“தூண்டிலை உருவு! மாவை எடு!” என்று கத்தினேன்.

மீனுக்காகப் பிசைந்த மைதா மாவு மொத்தத்தையும் குழாய் வாய்களில் திணித்து அடைத்தோம். “உட்கார்ந்தபடியே இந்தப் பக்கம் நகரு. எழுந்திரிக்காதே!” ஜெபராஜ் அங்குலம் அங்குலமாக நகர்ந்தான். நானும் குமாரும் துடுப்புப் போட்டோம்.

கரையில் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான் ஜெபராஜ். தெரியாத வேலையைச் செய்யும்போது நாலு பேரைக் கேட்கிறோம். நன்றாகத் தெரிந்த வேலை என்றால் நாமும் கேட்பதில்லை, யாரும் நம்மைக் கேட்பதுமில்லை.

குமார் தலை குனிந்தபடி படகைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

“உள்ள ஃபுல்லா தண்ணி சார். அடியில ஒரே ஒரு ஓட்டை போட்டா வடிஞ்சிடும்...”

டிரில் மெஷின் இப்போது எங்கள் வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில். சாவி ஜெபராஜின் அக்காவிடம்.