மச்சான் கிழித்துக் கொடுத்த வேட்டி

போன வாரம் கடலூரில் காரைக் கழுவக் கொடுத்தபோது கடைக்காரர் ஒரு குப்பியை நீட்டினார். "இத அடிச்சா ஒரே நிமிசத்துல பூச்சிக் கறையெல்லாம் போயிடும் சார்." மோந்து பார்த்தேன், எலுமிச்சை வாசனை. பூச்சிக்கு எதற்கு எலுமிச்சை என்று கேட்பதற்குள் மனசு செம்மண்டலத்துக்குக் கிளம்பிவிட்டது. அதற்கென்ன, பெட்ரோலா போட வேண்டும்!

எங்களுடையது காதல் கல்யாணம். ரோஸி வீட்டார் கத்தோலிக்கர்கள். நாங்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். அவள் அண்ணன் ஆரோக்கியம் எங்களோடு பேச்சை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. சிதம்பரத்தில் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து தாயையும் பிள்ளையையும் செம்மண்டலத்துக்கு, ரோஸியின் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும். மாமியார் என் கையில் மச்சானின் கார் சாவியை வைத்தார். "அவன்தான் குடுத்தான். எதுவும் கேக்காதீங்க."

கருநீலக் கார். தூசி விழுந்தால் மச்சான் முகம் வாடிவிடும்.

வழியைச் சுற்றிக்கொண்டு சேத்தியாத்தோப்பில் என் அம்மாவுக்குப் பேத்தியைக் காட்டிவிட்டுக் கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. விளக்கைப் போட்டதும் வயல் பூச்சிகள் மழையாக வந்து மோதின. வைப்பரைப் போட்டால் இன்னும் இழுகியது. குறிஞ்சிப்பாடி தாண்டும்போது காரின் முன்பக்கம் மஞ்சளும் பச்சையுமாக அப்பிக் கிடந்தது. "அண்ணன் பாத்தா அவ்ளோதான்" என்றாள் ரோஸி.

காலையில் அவர் மாடியிலிருந்து இறங்குவதற்குள் துடைத்துவிட நினைத்தேன். எல்லாம் காய்ந்து இறுகியிருந்தது. தண்ணீர் ஊற்றினேன், நகத்தால் சுரண்டினேன், அசையவில்லை. என் புத்திசாலித்தனம் நேராகச் சமையலறைக்குப் போய், பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்துவந்தது. பூச்சி போனது. கூடவே பெயின்ட்டும். பானட்டில் வட்டம் வட்டமாகக் கீறல். உள்ளங்கையால் அதை மூடி மூடிப் பார்த்தேன். காருக்காக இல்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் எங்களை நோக்கி எடுத்துவைத்த முதல் அடியைக் கெடுத்துவிட்டேனே என்றுதான்.

மச்சான் வந்தார். பானட்டைப் பார்த்தார். என் கையிலிருந்த நாரைப் பார்த்தார்.

"இதாலயா தேச்சீங்க?"

"ஆமா மச்சான்."

உள்ளே பார்த்து, "அம்மா, மெத்துனு ஒரு துணி குடு" என்றார். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாதென்று, மாமியார் பழைய வேட்டித் துண்டுகளை ஒரு மூட்டையாக ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்திருந்தார். அதிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார்.

"பாப்பா துணிய ஏம்மா எடுத்தாந்த?"

"நீ கிழிச்சுக் குடுத்த வேட்டிதானேடா. நெறைய கெடக்குது."

அவர் காது சிவந்துவிட்டது. பிறந்த நாளிலிருந்து என் மகள் படுத்திருந்தது மச்சானின் வேட்டியில்! அவர் துணியை நனைத்து, மிச்சமிருந்த பூச்சிகள்மேல் விரித்தார்.

"தேய்க்கக் கூடாது மாப்ள. பத்து நிமிசம் ஊறணும்."

முதல் முறையாக மாப்ள என்றார். அந்தப் பத்து நிமிடம் என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ரோஸி அழுவது கேட்டது. துணி காய்ந்தே போனது, அவர் வெளியே வரவில்லை. நான் இன்னொரு முறை நனைத்துப் போட்டேன்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பூசை முடிந்ததும் காரோடு சிதம்பரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். கீறலுக்குக் கடைசிவரை பெயின்ட் அடிக்கவில்லை. "பூச்சி ஜாஸ்தி அடிச்சிருக்கு" என்று ஈரத்துணியைப் போட்டுவிட்டு, மகளை மடியில் வைத்துக்கொள்வார். வருடம் போகப்போகப் பூச்சிகள் குறைந்தன. வயலுக்கு அடிக்கிற மருந்தோ என்னவோ. பளபளவென்றிருக்கும் பானட்டில் துணியை விரிப்பவரிடம், "பூச்சி எங்க மச்சான்?" என்று கேலி செய்தால், "இருக்கும், ஊறட்டும்" என்பார்.

இப்போது அந்தி நேரத்தில் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்தாலும் கண்ணாடியில் ஒன்றுகூட விழுவதில்லை. மச்சான் போய் ஒரு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்தில், வாசலைப் பார்க்காமல் இருக்க நானும் ரோஸியும் பழகிக்கொண்டிருக்கிறோம்.