கேட்டு வெட்டும் வேலை

பிளாஸ்டிக் கம்பெனி வேலையில் கைவலிகூடப் பழகிவிடும், வார்த்தைதான் பழகாது. நான் எட்டாவதோடு நின்றவள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலைக்கு வந்து கற்ற இங்கிலீஷில் பாதி ஒரே வார்த்தை: கேட்டு. வீட்டுக்காரர் புதுவாயலில் ராத்திரி லோடு ஏற்றுகிறவர். அதனால் பொழுது சாய்ந்தால் மூன்று வயசுப் பையனோடு நான் ஊட்டில் இருந்தாகணும். பகல் ஷிப்ட் இருக்கிறவரைக்கும்தான் எனக்கு வேலை. கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிற அக்கா தங்கச்சிகளே, உங்கள் கதையும் கிட்டத்தட்ட இதுதானே.

எந்தக் கேட்டு?

சேர்ந்த அன்றைக்கு சூப்பர்வைசர் சார் ஒரு டிரே நிறைய மூடிகளும் ஒரு கட்டரும் கொடுத்து, "கேட்ல கட் பண்ணும்மா" என்றார். ஏன் அங்கே என்று கேட்க வாய் வரவில்லை. டிரேயைத் தூக்கிக்கொண்டு கம்பெனி வாசலுக்கே போய் நிழலில் உட்கார்ந்தேன். எதை வெட்டுவது என்று மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அச்சுக்குள் சூடான பிளாஸ்டிக் நுழைகிற வாய்க்குக் கேட்டு என்று பேராம். அந்த இடத்தில் மூடியில் தொப்புள்கொடி மாதிரி ஒரு மிச்சம் நிற்கும், அதற்கும் கேட்டுதான் பேர். அதை ஒட்ட வெட்டணும். ஆளை வேலையிலிருந்து நிறுத்துவதையும் இங்கே 'கேட்டுக்கு அனுப்புறது' என்பார்கள். என்னைத் தேடி வந்த சார் சொன்னார்: "ஒழுங்கா வெட்டாதவங்களைத்தான் நான் கேட்டுக்கு அனுப்புவேன். நீ வெட்டறதுக்கு முன்னாடியே வந்துட்டியே."

பூட்டின கேட்டு

ஆரம்பாக்கத்தில் எங்கள் ஊடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பஸ் நிற்பது இந்தப் பக்கம். ஒருநாள் கூட்ஸ் வண்டிக்காகக் கேட்டு போட்டவர் திறக்கவே இல்லை. பஸ் போய்விட்டது. ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, "கேட்டு மூடிட்டாங்க சார்" என்றேன். சார் வாசலை எட்டிப் பார்த்தார். "தெறந்துதானே கெடக்குது?"

"இது இல்ல சார், அது."

"எது?"

தண்டவாளம் இருக்கிற திக்கில் கையைக் காட்டினேன். லேட் என்று குறித்துக்கொண்டே சொன்னார்: "ரயிலுக்கு மூடற கேட்டு திரும்பத் தெறக்கும்மா. நான் மூடுனா தெறக்காது."

வெளியே போக

பையனுக்கு ஜுரம் என்று பால்வாடி டீச்சர் போன் பண்ணினார். வீட்டுக்காரர் போனை அணைத்துவிட்டுத் தூங்குகிறார். நான்தான் ஓடணும். உள்ளே வர முகத்தைக் காட்டினால் போதும், வெளியே போகக் கேட்டு பாஸ் வேண்டும். ஆபீசில் உட்கார்ந்திருந்த மேடம், "பர்சனலா, அபிஷியலா?" என்றார்.

"ஜுரம் மேடம்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எனக்குப் புரியட்டும் என்று நிதானமாகச் சொன்னார்: "ஜுரம் உனக்கு வந்தா கம்பெனி கவலை, புள்ளைக்கு வந்தா உன் கவலை. பர்சனல்னு போட்டுக்கறேன்."

கேட்டாண்ட

அடுத்த மாசத்திலிருந்து எல்லாருக்கும் ஷிப்ட் மாறி மாறி வரும் என்று போர்டில் ஒட்டிவிட்டார்கள். எனக்கு நைட். பக்கத்து மிஷின் மோகனா அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாரு கேட்டாண்ட நிக்கிறாரு, பகல் ஷிப்டே குடுன்னு கேட்டுக்கினு வா" என்றாள்.

போனேன். பக்கத்தில் நின்றேன். வணக்கம் வைத்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

"இன்னாடி, கேட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அக்கா மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "கேட்டுக்கினு வாடின்னா, கேட்டைப் பாத்துக்கினு வந்து நிக்கிறியே, உன்னாண்ட பேஜாருடி."

கேட்டு மீட்டிங்

மாசக் கடைசியில் மேனேஜர் எங்களை வாசலில் வெயிலில் நிற்க வைத்துப் பேசினார். "உங்களுக்காக என் கேட்டு எப்பவும் தெறந்தே இருக்கும்" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் பூட்டு தொங்கியது. "யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?"

இதை விட்டால் திங்கட்கிழமை நைட். பையன் தனியாகப் பூட்டின ஊட்டுக்குள் கிடப்பானே என்று நினைத்தேன், வாய் தானாகத் திறந்துகொண்டது. "சார், எனக்குப் பகல் ஷிப்ட் மட்டும் குடுங்க சார். புள்ளையப் பாத்துக்க ஆள் இல்ல." மெதுவாகத்தான் சொன்னேன், கடைசி வரிசைக்கும் கேட்டதாம்.

மேனேஜர் திரும்பி சூப்பர்வைசர் சாரைப் பார்த்தார். சார் தலையைச் சொறிந்தார். பகலில் மட்டும் என்றால் மிஷினில் இடமில்லையாம், கேட்டில் லேடீஸ் பையைச் சோதிக்க ஒரு ஆள் வேண்டுமாம். சாயங்காலம் பஸ்ஸோடு நானும் கிளம்பிவிடலாம். சரி என்று சொல்ல எனக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை.

முதல் நாள் மோகனா அக்கா பையை மார்போடு அணைத்துக்கொண்டு என் முன்னால் நின்றாள். நான் கையை மட்டும் நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. "பையைத் தெறக்கணும்னா நீ மொதல்ல வாயைத் தெற, அப்பறம் பாக்கலாம்."

கேட்டால் கிடைக்கும் என்பார்கள், நானும் கேட்டேன், கேட்டு கிடைத்தது.