கதவு எண் கேட்ட மனு

நேற்று போடி கடைவீதியில் ஏலக்காய் வாங்கினேன். பொட்டலத்தை முகராமல் நடக்க முடிகிறதா? முகர்ந்ததும் எனக்குப் பாயசம் நினைவுக்கு வரவில்லை, செல்லத்தாயி அக்காதான் வந்தாள். அவள் சேலை, தலைமுடி, தூக்குவாளி எல்லாம் இந்த வாசம்தான் அடிக்கும்.

போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் காய் எடுத்தவள். ஏலக்காய் விலை விழுந்தது, முதலாளி தோட்டத்தை விற்றார், வாங்கியவர் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தை இடித்தார். அக்கா இரண்டு பெண்பிள்ளைகளோடு இறங்கி வந்து, பூட்டிக் கிடந்த ஒரு குடோன் தாழ்வாரத்தில் சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டாள். விலை ஏன் விழுந்தது என்று எனக்குப் புரியவில்லை. பிறகு ஏறியபோது லயம் ஏன் திரும்பி வரவில்லை என்பதும் புரியவில்லை. இந்த விஷயங்களில் நான் எப்போதுமே மட்டம்.

அப்போது நான் ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிக எழுத்தர். வீடில்லாதவர்களுக்கு வீடு தரும் திட்டம் வந்திருந்தது. அந்த மனுவில் கதவு எண்ணை நிரப்பாவிட்டால் கணினி அடுத்த பக்கத்துக்கே போகாது. நான்தான் பெரிய புத்திசாலி ஆயிற்றே!

"உங்க தங்கச்சி வீட்டு நம்பரப் போட்டுருவோம்க்கா" என்றேன்.

விசாரிக்க அதிகாரி அந்த வீட்டுக்கே வருகிறார் என்றதும் அக்கா பதறினாள். "பெரிய மனுசரு வர்றாரு. குடோன்லயா தம்பி உக்கார வைக்கிறது?"

தங்கச்சி குடும்பத்தைக் காலையிலேயே சோலிக்கு அனுப்பிவிட்டாள். வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்கி, ஏலக்காய் தட்டிப் போட்ட காப்பியோடு காத்திருந்தாள். அதிகாரி குடித்துக்கொண்டே சுற்றிப் பார்த்தார்.

"நல்ல வீடா இருக்கேம்மா."

"எல்லாம் உங்க புண்ணியம் சார்" என்று சிரித்தாள் அக்கா. என் கையிலும் ஒரு டம்ளர் இருந்தது. அவள் பேச்சை அவள் முகத்துக்கு நேரே எப்படி மறுப்பது?

அவர் கிளம்பியதும் வாசலுக்கு வெளியே ஓடிப்போய்ச் சொன்னேன். "சார், அது அவங்க வீடு இல்ல."

ஜீப்பில் ஏறியவர் திரும்பினார். "அப்ப மனுவில பொய் எழுதுனது யாரு?"

எழுதியவன் நான். வேலை போய்விடுமே என்ற பயத்தில், "ஒண்ணுமில்ல சார்" என்றேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

திரும்பி வந்ததும் அக்கா ஆவலாகக் கேட்டாள். "காப்பித்தண்ணி பிடிச்சிருச்சா அவருக்கு? வீடு வந்துரும்ல தம்பி?"

தலையாட்டினேன்.

பட்டியலில் அவள் பெயர் இல்லை. காரணம், 'வீடு உள்ளது'. விழுந்த விலையா, லயத்தை இடித்தவரா, மனுவின் அந்தக் கட்டமா, நானா, யார் மேல் குற்றம் என்று இன்னும் குழம்புகிறேன். மழைக்கு முன்பே அவளும் பிள்ளைகளும் ஏதோ தோட்டத்து ஜீப்பில் ஏறிப் போனார்களாம்.

லயம் இருந்த இடத்தில் இப்போது சுற்றுலா விடுதி, குடோன் இருந்த இடத்தில் துணிக்கடை. அக்கா எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அரசாங்கப் பதிவில் மட்டும் அவளுக்கு ஒரு வீடு இருக்கிறது.