ஏனுங்க, இந்த ஆப் எந்த ஊருங்க?

பழைய செல்போன் வாங்கி விற்கிறவன் தினமும் இரண்டு பொய்களைக் கேட்டாக வேண்டும்: விற்க வருகிறவர் "ஒருதடவகூடக் கீழ போட்டதில்லைங்க" என்பார், வாங்க வருகிறவர் "பக்கத்துக் கடையில இதைவிடக் கம்மிங்க" என்பார். இரண்டையும் கேட்டுச் சிரிக்காமல் இருப்பதுதான் தொழில். எனக்குச் சிரிப்பு வராது, கோபம்தான் வரும். இருந்தாலும் காந்திபுரத்தில் கடை ஓடுகிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டு வாசலில் செல்போன் கவர் கூவி விற்று மேலே வந்த ஆள் நான். ஏமாறுவதற்குக் கொடுக்க வேண்டிய ஃபீஸையெல்லாம் அப்போதே கட்டி முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படிப்பட்டவனை ஒரு ஆப் ஒரு வாரம் முழிக்க வைத்துவிட்டது. அதன் பெயர் வேண்டாம். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வைத்திருக்கிற என் சக பாவப்பட்டவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும்.

சண்டை வந்த விதம்

என் மகள் சௌமியா பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஆடுவது, வாயசைப்பது, தோழிகளோடு சேர்ந்து கண்ட கண்ட சேட்டை செய்வது என்று எந்நேரமும் அந்த ஆப்பில்தான் கிடப்பாள். ஒரு திங்கட்கிழமை காலையில் என் வீட்டுக்காரி குடும்ப குரூப்பில் வந்த செய்தி ஒன்றை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். அந்த ஆப் வெளிநாட்டுக் கம்பெனியுடையதாம். பிள்ளைகளின் படம், குரல், எங்கே போகிறார்கள், யாரோடு பேசுகிறார்கள் எல்லாவற்றையும் எடுத்து அங்கே வைத்துக்கொள்கிறதாம். "ஏனுங்க, நம்ம பொண்ணு மூஞ்சி எவன்கிட்டயோ இருக்குதாமா. நீங்க பாட்டுக்கு டீ குடிச்சுட்டு உக்காந்திருக்கறீங்க" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. மகள் கையிலிருந்த போனைப் பிடுங்கிக் கடைக்குக் கொண்டுபோய், மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவள் அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அந்த ஆப் இருக்கோணுமா, போகோணுமான்னு ஞாயித்துக்கிழமை சொல்றேன் கண்ணு" என்றேன், பெரிய நாட்டாமை மாதிரி. அதோடு அவள் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். நிறுத்துவதற்கு முன் கடைசியாகச் சொன்னது இது: "வெசாரிக்காம ஒரு பழைய சார்ஜர்கூட வாங்கமாட்டீங்க. இதையும் வெசாரிச்சுட்டே சொல்லுங்கப்பா."

மதுக்கரைக்காரர் கேட்ட மாற்று

சரி, விசாரிப்போம் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தேன். மறுநாளே மதுக்கரையிலிருந்து ஒருவர் மகனுடைய போனைக் கொண்டுவந்து வைத்தார். "இதுல அந்த வெளிநாட்டு ஆப் இருக்குதுங்க. எடுத்துப்போட்டுக் குடுங்க." எந்த நாடு என்று கேட்டேன். "சைனாங்க" என்றார். ஸ்கிரீன் கார்டு ஒட்டக் காத்திருந்தவர் திரும்பி, "அட, அதை அமெரிக்காக்காரன் வாங்கி ரொம்ப நாளாச்சுங்க" என்றார். டீ கொண்டுவந்த அண்ணன் டம்ளரை வைத்துக்கொண்டே "ஆபீசு சிங்கப்பூர்லங்க" என்றார். மூன்று பேரும் அரைமணி நேரம் என் கடையில் மூன்று நாட்டுக்காகச் சண்டை போட்டார்கள். கடைசியில் நான்தான் கத்தினேன்: "ஏனுங்க, அந்த போனே வெளிநாட்டுதுதானுங்க, அதை என்ன பண்றது?" மதுக்கரைக்காரர் அசரவில்லை. "அது பொருளுங்க. அது கெடந்துட்டுப் போகுது."

ஆப்பை எடுத்துப்போட்டேன். மனுஷன் நகரவில்லை. மகன் அழுவானாம், அதே மாதிரி நம் நாட்டு ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். போட்டேன். திறந்ததும் அது காமிராவைக் கேட்டது, மைக்கைக் கேட்டது, இருக்கிற இடத்தைக் கேட்டது, போனில் இருக்கிற நம்பரையெல்லாம் கேட்டது. இப்போது எடுத்துப்போட்டதே, அது கேட்காத காலண்டரையும் சேர்த்துக் கேட்டது. ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். "இவனும் அதையேதானுங்க எடுக்கறான், இன்னும் கொஞ்சம் சேர்த்தே எடுக்கறான். அப்பறம் என்னங்க வித்தியாசம்?" என்றேன். எனக்கு விவரம் பத்தாது என்கிற பரிதாபத்தோடு பார்த்துவிட்டுச் சொன்னார்: "நம்மாளு எடுத்தா நம்மகிட்டயேதானுங்க இருக்கும்!"

துண்டுக்குள் ஒரு பேரம்

புதன்கிழமை ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு மாட்டுத் தரகர் வந்தார். ஒரு போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி. எவ்வளவு கொடுப்பார் என்று கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டு, அதற்கடியில் என் விரல்களைப் பிடித்தார். சந்தையில் அப்படித்தான் பேசுவார்கள். எத்தனை விரல் பிடிக்கிறார், எதை மடக்குகிறார் என்பதில் விலை இருக்கும். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. கடையில் அப்போது இருந்தது ஒரு காலேஜ் பெண்ணும் ஹெட்போன் மாட்டிய ஒரு பையனும்தான். இருந்தாலும் துண்டுக்குள்ளேதான் பேரம். நானும் விட்டுக்கொடுக்காமல் அமுக்கினேன். விரல் நோகிற வரைக்கும் பேசி முடித்தோம்.

போனை அவருக்குத் தயார் செய்து கொடுக்கும்போது, பேத்தி சொல்லியனுப்பினாள் என்று அதே ஆப்பைப் போடச் சொன்னார். அது வழக்கம்போல ஒவ்வொன்றாக அனுமதி கேட்டது. நான் படிக்கப் படிக்க "குடுங்க, குடுங்க, அதையும் குடுங்க" என்றுகொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, ஒரு வெலையைத் துண்டு போட்டு மூடறீங்க. ஊட்டு நம்பர், போட்டோ, போற எடம் எல்லாத்தையும் முன்னப்பின்ன தெரியாதவனுக்குத் தூக்கிக் குடுக்கறீங்களே?" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பக்கத்துல நிக்கறவனுக்கு வெலை தெரிஞ்சா யாவாரத்தைக் கெடுத்துப்போடுவானுங்க. இவன் எங்கியோ இருக்கறவன், எங்கூருக்கு வந்து மாடா புடிக்கப்போறான்?"

அது நியாயமாகப் பட்டதுதான் எனக்குப் பெரிய தொல்லை. அன்று ராத்திரி சாப்பாட்டில் மகள் தாயிடம் சொன்னாள்: "அம்மா, ரசம் போதுமான்னு அப்பாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

கிரைண்டர் சோதனை

வியாழக்கிழமை எதிர்க்கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார். நாம் பேசுவதை அந்த ஆப் கேட்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், நமக்குத் தேவையே இல்லாத ஒரு பொருளைப் பற்றிப் போனுக்கு முன்னால் பேச வேண்டுமாம். அப்புறம் அதற்கு விளம்பரம் வந்தால் ஒட்டுக்கேட்கிறது என்று அர்த்தம். விசாரணைக்கு இதைவிட நல்ல சாட்சி ஏது? மகளுடைய போனை இழுப்பறையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். "எனக்குக் கிரைண்டர் வேணும். நல்ல கிரைண்டரா வேணும். உடனே வேணும்" என்று காலையிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். என் குரல் கொஞ்சம் பெரிசு. போன் சும்மா கிடந்தது. எனக்கு ஆத்திரம் வந்து இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

மத்தியானத்துக்குள் பீளமேட்டிலிருந்து ஒரு கிரைண்டர் கம்பெனி ஆள் விலைப்பட்டியலோடு வந்து நின்றார். என் பெரியம்மா மகன் போன் செய்து, "ஏண்ணா, நான் கிரைண்டர் ஏஜென்சி எடுத்திருக்கறது தெரிஞ்சும் வெளிய கேக்கறீங்களாமா" என்று கோபித்துக்கொண்டான். சாயங்காலம் வீட்டுக்காரி, "நல்லா ஓடிட்டிருக்கற கிரைண்டருக்கு என்னங்க வந்துச்சு?" என்று சண்டைக்கு வந்தாள். மகளுடைய போனில் ஒரே ஒரு விளம்பரம் வந்திருந்தது, அதுவும் முகப்பரு கிரீமுக்கு. யோசனை சொன்ன எதிர்க்கடைக்காரரிடம் போய், ஆப் கேட்கவே இல்லையே என்றேன். அவர் என்னைவிடக் குழம்பிப்போய்ச் சொன்னார்: "ஆப்புக்கு எதுக்குங்க ஒட்டுக்கேக்கோணும், காந்திபுரம் பூராக் கேட்டுப்போட்டுதே!"

கடைசி விலை

சனிக்கிழமை காலேஜ் பசங்கள் இரண்டு பேர் ஒரு போனுக்குப் பேரம் பேச வந்தார்கள். பேரம் என்றால் எனக்குக் கரும்பு. மேசையைத் தட்டினேன். "கட்டுபடியாகலைன்னா வேற கடை பாருங்க" என்றேன். அதற்கு எப்பேர்ப்பட்டவனும் ஒரு அடி பின்வாங்குவான். இவர்கள் பின்வாங்கவில்லை. என் முகத்தையே, அதுவும் என் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கொஞ்சம் இறங்கினேன். அப்போதும் அதே பார்வை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் ரோட்டைப் பார்ப்பானே, அப்படி. "என்னங்கடா பார்க்கறீங்க?" என்று கத்தினேன். ஒருவன் தயங்கித் தயங்கித் தன் போனைத் திருப்பிக் காட்டினான்.

அதே ஆப். நான் போனைப் பூட்டுவதற்கு முந்தின வாரமே போட்ட ஒரு வீடியோ. முகம் இல்லை, ஒரு கை மட்டும் மேசையைத் தட்டுகிறது. என் கை. பின்னால் கேட்கிற கத்தல் என் கத்தல். அதற்கு மேல் ஒரு பெண் குரல், சனிக்கிழமைகளில் கடைக்குச் சோறு கொண்டுவருகிற என் மகள் குரல், நிதானமாகச் சொல்கிறது: "மேசையைத் தட்டுனாருன்னா இன்னும் எறங்குவாரு. வேற கடை பாருன்னாலும் இன்னும் கொஞ்சம் எறங்குவாரு. கண்ணாடியைக் கழட்டிச் சட்டையில தொடைச்சாருன்னா அதான் கடைசி வெலை." எனக்கு வியர்த்துவிட்டது. கண் மறைத்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தேன். ஒருவன் மற்றவனை இடித்தான்: "அவ்ளோதாண்டா, பணத்தை எடு."

பஸ் ஸ்டாப் முக்கு

மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். எந்த நாட்டுக்காரனும் எடுக்காத என் தொழில் ரகசியத்தை என் வீட்டுக்குள்ளிருந்தே எடுத்துவிட்டார்கள். விசாரணையே தலைகீழாகிவிட்டது. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்று கத்தினேன். சௌமியா அந்த வாரத்தில் முதல்முறையாக என்னைப் பார்த்துப் பேசினாள். "உங்க மூஞ்சி தெரியுதுங்களாப்பா? பேரு போட்டனா? கடை போர்டு தெரியுதா? எல்லாம் பார்த்துப் பார்த்து மறைச்சுத்தான் போட்டேன். கொரலை வெச்சுக் கண்டுபுடிச்சா நான் என்ன பண்றது, நீங்க அவ்வளவு சத்தமாப் பேசறீங்க."

"இருந்தாலும் கேட்டிருக்கோணுமல்ல அம்மணி" என்றாள் என் வீட்டுக்காரி, எனக்குச் சாதகமாக. மகள் அவள் பக்கம் திரும்பினாள். "எனக்குச் சீர் வெச்சப்ப பஸ் ஸ்டாப் முக்குல என் போட்டோவை ஆள் ஒசரத்துக்கு பிளெக்ஸ் அடிச்சு வெச்சீங்களே, எங்கிட்டக் கேட்டீங்களாம்மா? எங்க ஸ்கூல் பஸ் அங்கதான் நிக்கும்." வயசுக்கு வந்த பெண்ணுக்குச் சீர் செய்தால் பிளெக்ஸ் வைக்காத வீடு எங்கள் பக்கம் எது? மாமன் வீட்டார் பெயர், சித்தப்பாமார்கள் படம் எல்லாம் போட்டு, நல்ல பிரிண்டாகத்தான் அடித்திருந்தேன். "அது நம்ம ஊருக்காரங்க பார்க்கறது கண்ணு" என்றேன். அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "அவங்கதானுங்கப்பா பஸ்ஸுல என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. வெளிநாட்டுக்காரன் ஒருத்தன்கூடச் சிரிக்கலை."

ஞாயிற்றுக்கிழமை

சொன்ன நாள் வந்தது. என் கையில் தீர்ப்பு எதுவும் இல்லை. போனை மட்டும் கொண்டுபோய்ச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்புறம் நடந்ததைப் பேரம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆப் இருக்கலாம், ஆனால் தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி பூட்ட வேண்டும், இருக்கிற இடத்தைக் காட்டக் கூடாது, என் வீடியோ போக வேண்டும் என்றேன். அவளைக் கேட்காமல் அவள் படத்தை நான் ஸ்டேட்டஸில் வைக்கக் கூடாது, மார்க்கைக் குடும்ப குரூப்பில் போடக் கூடாது என்றாள். பத்தாம் வகுப்பு மார்க்கைக்கூடவா என்றேன். அதைத்தான் முதலில் என்றாள். சரி என்றேன். "சரிங்கப்பா" என்றாள். ஒரு வாரம் கழித்து எனக்கு நேராக வந்த சரி அது.

ஆப்பைத் திறந்தாள். உடனே ஒரு அறிவிப்பு வந்தது. கணக்கு வைத்திருப்பவர் சின்ன வயசு, அவருடைய பாதுகாப்புக்காகப் பெற்றவர் ஒருவர் தன் அடையாள அட்டையையும் முகத்தையும் காட்டி உறுதி செய்ய வேண்டுமாம். "புள்ளையை மறைக்கறதுக்கு உங்களைக் காட்டோணுமாங்க?" என்றாள் வீட்டுக்காரி. அட்டை மட்டும் போதுமா, பாதி முகம் போதுமா என்று கேட்கலாம் என்றால் கேட்க ஆளில்லை. "யார்கிட்டக் கண்ணு பேசறது?" என்றேன். "ஆளே இல்லீங்கப்பா. சம்மதம், ரத்துன்னு ரெண்டு பட்டன்தான்" என்றாள். ரத்து என்றால் கணக்கு மூடிவிடும், தோழிகளோடு எடுத்தது எல்லாம் போய்விடும். அவள் கெஞ்சவில்லை, ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அட்டையை எடுத்துக் காட்டினேன். அப்புறம் முகம். இடது பக்கம் திருப்பு என்றது, வலது பக்கம் திருப்பு என்றது, எல்லாம் செய்தும் ஏற்றுக்கொள்ளவில்லை. என் அட்டைப் படத்தில் நான் சிரித்துத் தொலைத்திருக்கிறேன் போல. மகள் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மொறைக்காதீங்கப்பா, ஆளு நீங்கதான்னு அது நம்பமாட்டேங்குது, கொஞ்சம் சிரிங்க."

ஆக, சக பாவப்பட்டவர்களே, என் மகளின் முகம் எவனிடம் இருக்கிறது என்று விசாரிக்கப் போய், இப்போது என் முகமும் அட்டையும் சேர்ந்து அவனிடம் இருக்கின்றன. அவன் யார், எந்த ஊர்க்காரன் என்பது மட்டும் இன்னும் எனக்குத் தெரியவில்லை.